கிரானைட் காட்டில் கோர்ஸ் போடுவது: பெரிய ஓரியண்டியரிங் போட்டிக்கு ஒரு செயல்வழி

ஒரு கையில் வரைபடம், மறுகையின் கட்டைவிரலில் திசைகாட்டி. வரைபடமே கிளம்பும் நொடியில்தான் கிடைக்கும். அதில் வட்டமிட்ட இடங்களை, அதாவது கண்ட்ரோல்களை, எண் வரிசைப்படி தொட்டுவிட்டு, குறைந்த நேரத்தில் திரும்புகிறவர் வென்றார். ஓரியண்டியரிங் விளையாட்டின் விதி இவ்வளவுதான். அந்த வட்டங்களின் வரிசைதான் கோர்ஸ்; அவை காட்டில் எங்கே, எந்த வரிசையில் என்று முடிவு செய்கிறவர் கோர்ஸ் பிளானர். பெரிய போட்டி என்றால் அவருடைய வேலை இரண்டு மூன்று வருடம் நீளும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஆண்கள் எலீட் (உயர்மட்ட) பிரிவின் லாங், அதாவது நீண்டதூரக் கோர்ஸ். வெல்பவருக்கு ஏறத்தாழ 90 நிமிடம் ஆக வேண்டும். இடம், நார்வே-ஸ்வீடன் எல்லையின் தென்கோடிக் காடு. ஸ்வீடன் பக்கம் ஸ்ட்ரோம்ஸ்டாட் வட்டாரம் 2016-லும், நார்வே பக்கம் ஓஸ்ட்ஃபோல்ட் 2019-லும் உலக சாம்பியன்ஷிப் நடத்தின. இரண்டு வருடமும் லாங் பிரிவில் வென்றவர்கள் அதே இருவர்: ஆண்களில் நார்வேயின் ஊலாவ் லுண்டானெஸ், பெண்களில் ஸ்வீடனின் டோவே அலெக்சாண்டர்சன். ஒரு பிளானர் ஆசைப்பட வேண்டியது இந்த மாதிரி முடிவுக்குத்தான்: யார் நன்றாக வரைபடம் வாசித்து ஓடினாரோ அவரே மேலே வர வேண்டும், அதிர்ஷ்டம் கிட்டவே வரக்கூடாது.

நிலம் ஏன் இப்படி இருக்கிறது

இங்குள்ள பாறை சுமார் 92 கோடி ஆண்டு வயதான கிரானைட். ஓஸ்லோவின் விகலாண்ட் பூங்காவில் மனித உருவங்கள் பின்னிப் பிணைந்து நிற்கும் மோனோலித் தூண், இதே வட்டாரத்து இட்டெஃபியோர்டு கிரானைட்டின் ஒற்றைக் கல்லில் செதுக்கியது. பனியுகத்துப் பனிப்பாறை மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனது. பனி உருகியபோது இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கடலுக்கடியில் இருந்தது. பாரம் நீங்கிய நிலம் மெல்ல மேலே எழ, அலைகள் குன்றுகளின் தலையைக் கழுவி மொட்டையாக்கின. கழுவிய களிமண் பள்ளங்களில் படிந்தது.

ஓடுகிறவருக்கும் பிளானருக்கும் வேண்டிய எல்லாமே இதிலிருந்து வருகிறது. குன்றின் மேல் மொட்டைப் பாறை, அங்கங்கே பைன், ஹெதர் புதர், பாறை மேல் வெளிர்நிறப் பாசி. தரை காய்ந்திருந்தால் இங்கே ஓட்டம் பறக்கும். மழை பெய்துவிட்டால் அதே பாசி சோப்பாகிவிடும். பாறை வெடிப்புகளின் வழியே நேர்கோடாக ஓடும் ஒடுங்கிய பள்ளங்கள், அவற்றின் அடியில் சதுப்பு, ஓரத்தில் நெருங்கிய ஸ்ப்ரூஸ். களிமண் படிந்த அகன்ற தாழ்நிலங்கள் இன்று வயல்கள். ஆகஸ்டில் அங்கே கதிர் நிற்கும், கால் வைக்க முடியாது. உயரம் அதிகமில்லை. ஆனால் நூறு மீட்டருக்குள் நாலைந்து சின்ன மேடுகள், ஒன்றைப் போலவே இன்னொன்று. மலைகளில் ஓடுகிறவரை ஏற்றம் வதைக்கும் என்றால் இங்கே வதைப்பது சந்தேகம்: "நான் நிற்பது இந்த மேடா, அடுத்ததா?"

வெடிப்புப் பள்ளங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன. முதல் தடவை நடந்து பார்க்கும்போதே அந்தத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் போக்கிலேயே ஓடவைத்தால், பள்ளத்தில் இறங்கினால் போதும், அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குறுக்கே ஓடவைத்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கி, எங்கே கடப்பது என்று ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க வேண்டும். கோர்ஸின் கனமான பகுதிகள் குறுக்காகவோ சாய்வாகவோ போகட்டும். நீளவாட்டில் போகும் பகுதிகள் மூச்சு வாங்கவும் வேகம் மாறவும் உதவும்.

அனுமதி, தடை, காட்டின் மற்ற குடிகள்

நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடி இல்லாத நிலத்தில் யாரும் நடக்கலாம் என்கிறது. அதை நம்பி நில உரிமையாளரைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். தனியாள் நடப்பது வேறு, பல நூறு பேர் ஓடும் போட்டி வேறு. ஒவ்வொரு உரிமையாளரையும் நேரில் பார்த்து மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். போட்டிக்கு முன் மரம் வெட்டும் திட்டம் உண்டா? மேய்ச்சலுக்கு விட்ட ஆடு மாடு எந்த வேலிக்குள்? எந்த இடத்தில் யாரும் வருவதை அவர் விரும்பவில்லை? முதல் கேள்வியை விட்டுவிட்டு வரைபடம் அச்சடித்த பிறகு, நடுக் கோர்ஸில் பத்து ஏக்கர் காடு மொட்டையாவது நடக்கிற கதைதான்.

பறவைகள் கூடு கட்டும் இடம், காட்டுக்கோழிகள் இணைதேடும் இடம், அரிய சதுப்பு ஆகியவற்றை உள்ளூர் இயற்கை அலுவலரோடு உட்கார்ந்து குறித்துவிட்டு, அவற்றைச் சுற்றித் தடைப்பகுதி போடுங்கள். இதைக் கோர்ஸ் வரைவதற்கு முன்பே செய்ய வேண்டும். அருமையான லெக் (ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததுக்கு ஓடும் பகுதி) ஒன்றை வரைந்து முடித்த பிறகு அதன் நடுவில் கழுகுக் கூடு என்று தெரிந்தால், மனம் அந்த லெக்கை விடாது. எப்படியாவது ஒட்டுப்போட்டுக் காப்பாற்றப் பார்ப்பீர்கள். ஒட்டுப்போட்ட லெக் ஒருநாளும் நன்றாக இருந்ததில்லை.

இடம் உறுதியான அன்றே அந்தக் காட்டை வீரர்களுக்கு மூடிவிட வேண்டும். இனி போட்டி நாள் வரை அங்கே ஓட வாய்ப்புள்ளவர்கள் யாரும் உள்ளே போகக்கூடாது. பழைய வரைபடங்கள் இருந்தால் அவற்றை எல்லோருக்கும் பொதுவில் வெளியிட்டுவிடுங்கள். ஒருவரிடம் இருந்து இன்னொருவரிடம் இல்லாததுதான் அநியாயம்.

வரைபடம் முடியாமல் வட்டம் போடாதீர்கள்

லாங் பிரிவின் வரைபட அளவு 1:15,000. சமஉயரக் கோட்டின் இடைவெளி 5 மீட்டர். விமானத்திலிருந்து லேசரால் அளந்த தரவு இப்போது அடித்தளத்தைத் தந்துவிடுகிறது. ஆனாலும் வரைபடக்காரர் காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும். இந்த மாதிரி நுணுக்கமான நிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 20 முதல் 40 மணி நேரம் எளிதில் போய்விடும். எந்த மேட்டை வரைவது, எதை விடுவது என்பதை லேசர் சொல்லாது. ஒரு மீட்டர் உயரமுள்ள கல்லெல்லாம் குறித்தால் வரைபடம் மிளகு தூவியது போல் கருத்துவிடும்.

பிளானர் இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது பச்சை நிறத்தை. வெள்ளை என்றால் சாதாரண வேகத்தில் ஓடலாம். வெளிர்பச்சையில் வேகம் 60 முதல் 80 சதவீதம், நடுப்பச்சையில் 20 முதல் 60, அடர்பச்சையில் 20-க்கும் கீழே. ஒரு பள்ளத்தின் ஸ்ப்ரூஸ் வெளிர்பச்சையா நடுப்பச்சையா என்பது வழித்தேர்வையே புரட்டிப்போடும். வரைபடக்காரர் இருவர் பகுதி பிரித்து வேலை செய்தால், ஒருவரின் வெளிர்பச்சை இன்னொருவரின் நடுப்பச்சையாக இருக்கும். இரு பகுதிகளும் சேரும் கோட்டின் இருபக்கமும் அதே நாளில் நடந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பகுதி பிரிப்பைத் தாண்டி லெக் போடுவதற்கு முன் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

முதலில் லெக், பிறகுதான் கண்ட்ரோல்

ஒரு கண்ட்ரோலிலிருந்து அடுத்த கண்ட்ரோல் வரையிலான ஓட்டத்துக்குப் பெயர் லெக். புதிய பிளானர்கள் அழகான பாறையையும் அழகான குளத்தையும் பார்த்ததும் அங்கே வட்டம் போட்டு, பிறகு வட்டங்களைக் கோட்டால் இணைக்கிறார்கள். அப்படி வந்த கோர்ஸில் நல்ல கண்ட்ரோல்கள் இருக்கும், லெக் ஒன்றுகூட இருக்காது. வீரர் 90 நிமிடமும் இருப்பது லெக்கில்தான். கண்ட்ரோலில் அவர் இருப்பது இரண்டு நொடி.

ஆகவே முதலில் நீளமான லெக்குகளைத் தேடுங்கள். லாங் பிரிவில் 1.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரையிலான லெக் குறைந்தது இரண்டாவது வேண்டும். வழி தேடிப் பிடிக்கும் திறமையைச் சோதிப்பது அவைதான். வரைபடத்தை மேசையில் விரித்து, குறுக்கே பெரிய தடை எது என்று பாருங்கள்: நீண்ட குன்று, ஏரி, ஊடுருவ முடியாத சதுப்பு. தடையின் இருபுறமும் இரண்டு புள்ளி. இடப்பக்கம் சுற்றினால் எவ்வளவு, வலப்பக்கம் சுற்றினால் எவ்வளவு, நேரே ஏறிக் கடந்தால் எவ்வளவு?

கணக்குக்கு ஒரு லெக்கை எடுத்துக்கொள்வோம். நேராகப் போனால் காட்டுக்குள் ஓடும் தூரம் 2.5 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 நொடி என்று வைத்தால் மொத்தம் 15 நிமிடம் 37 நொடி. இடப்பக்கம் மரலாரி போகும் மண்சாலை இருக்கிறது. அதைப் பிடித்தால் சாலையில் 1.9 கிலோமீட்டர், காட்டில் 1.2 கிலோமீட்டர். சாலையில் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 நொடி என்றால் 6 நிமிடம் 58 நொடி, காட்டுப்பகுதிக்கு 7 நிமிடம் 30 நொடி. மொத்தம் 14 நிமிடம் 28 நொடி. சாலை ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம் பிடிக்கிறது. இது வழித்தேர்வு இல்லை. சாலையைப் பார்த்தவன் வென்றான், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய லெக்கைத் தூக்கி எறிய வேண்டாம். முடிவுக் கண்ட்ரோலைச் சாலையிலிருந்து விலக்கி 200 மீட்டர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நேர்வழி ஏறக்குறைய அதே 2.5 கிலோமீட்டர், ஆனால் சாலைவழியில் காட்டுப்பகுதி 1.4 ஆகிவிடும். இப்போது சாலைவழி 15 நிமிடம் 43 நொடி. ஆறு நொடி வித்தியாசம். இனி நேர்வழியைத் துணிந்து எடுத்துத் தப்பில்லாமல் ஓடுகிறவரும் வெல்லலாம், சாலையில் ஓடிச் சக்தியை மிச்சம் பிடிப்பவரும் வெல்லலாம்.

மேசைக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. போட்டியில் ஓடாத, அதே சமயம் நல்ல வேகமுள்ள இருவரை ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வழியில் விட்டு நேரம் எடுங்கள். பிறகு வழியை மாற்றி இன்னொரு நாள். கணக்கு பெரும்பாலும் பொய்யாவது சதுப்பில்தான். வரைபடத்தில் நீலக்கோடாகத் தெரியும் சதுப்பு ஜூனில் கணுக்கால் ஆழமும், மழைக்குப் பின் ஆகஸ்டில் முழங்கால் ஆழமும் இருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

நீண்ட லெக்குகள் அமைந்த பிறகு அவற்றுக்கு இடையே குறுகிய லெக்குகளை நிரப்புங்கள். நீண்ட லெக்கில் 15 நிமிடம் வேகமாக ஓடி வந்த கால், அடுத்த 200 மீட்டரில் நுணுக்கமாக வாசிக்க வேண்டும் என்றால் அங்கேதான் தவறு நேரும். இந்த வேகமாற்றம் நல்ல கோர்ஸின் உயிர். ஒரே மாதிரி 500 மீட்டர் லெக் பத்தை அடுக்கினால், மூன்றாவதிலேயே வீரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்.

கடைசியாக மொத்த ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். புத்திசாலித்தனமான மிகக் குறுகிய வழியின் நீளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 14 கிலோமீட்டர் கோர்ஸுக்கு 560 மீட்டர். இந்த நிலத்தில் சின்னச் சின்ன மேடுகளாகச் சேர்வதால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாமல் கூடும். ஒவ்வொரு சமஉயரக் கோட்டையும் விரல்விட்டு எண்ணாமல் "சமதளம்தானே" என்று விட்டால் 700-ல் போய் நிற்கும்.

கண்ட்ரோல் வைக்கும் இடம்

கண்ட்ரோலின் வேலை இரண்டே: ஒரு லெக்கை நியாயமாக முடிப்பது, அடுத்ததைச் சரியான இடத்திலிருந்து தொடங்குவது. வீரரை ஏமாற்றுவது அதன் வேலையே இல்லை.

வரைபடத்தில் தெளிவாக வரைந்த பொருள் ஒன்றில்தான் கொடி தொங்க வேண்டும்: ஒரு பெரிய கல், பாறையின் அடி, சரிவில் உள்வாங்கிய பள்ளம், சின்ன மேட்டின் வடகிழக்கு ஓரம். கொடி என்பது 30 சென்டிமீட்டர் சதுரம் மூன்றை முக்கோணமாகச் சேர்த்தது. ஒவ்வொரு சதுரமும் மூலைவிட்டமாகப் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. சொன்ன இடம் கண்ணுக்குத் தெரியும்போது கொடியும் தெரிய வேண்டும். கல்லின் பின்பக்க இடுக்கில் செருகிவிட்டால், முதலில் வருபவர் சுற்றிச் சுற்றித் தேடுவார். பின்னால் வருபவருக்கு அங்கே குனிந்து நிற்கும் ஆளே அடையாளமாகிவிடுவார். முதலாமவருக்கு 40 நொடி நஷ்டம், இரண்டாமவருக்கு இலவசம். இப்படி அதிர்ஷ்டம் முடிவு செய்யும் கண்ட்ரோலை பிங்கோ என்பார்கள். பெரிய போட்டியில் ஒரே ஒரு பிங்கோ பதக்க வரிசையை மாற்றப் போதும்.

இன்னொரு பிங்கோவும் உண்டு, அது கொஞ்சம் நாசூக்கானது. அகன்ற நடுப்பச்சைக் காட்டுக்குள் தனியாகக் கிடக்கும் ஒரு கல். வரைபடத்தில் சரியாக இருக்கிறது, கொடியும் நன்றாகத் தெரிகிறது. ஆனால் 100 மீட்டர் சுற்றளவில் பிடித்து வாசிக்க வேறெதுவும் இல்லை. அங்கே திறமைக்கு வேலையில்லை. திசைகாட்டியின் ஊசி ஒரு டிகிரி பிசகியதா இல்லையா என்பதே முடிவு. கண்ட்ரோலுக்கு 50, 80 மீட்டர் முன்பாகவாவது உறுதியாக அடையாளம் காணத்தக்க ஒன்று இருக்க வேண்டும்: பாறை முனை, சதுப்பு மூலை, பாதை சேரும் இடம். வீரர் அதை நோக்கி வேகமாக வந்து, அங்கிருந்து வேகத்தைக் குறைத்து வட்டத்துக்குள் நுழைவார்.

நுழையும் திசையும் வெளியேறும் திசையும் ஒன்றாக இருக்கக்கூடாது. நாயின் பின்னங்கால் போல் மடங்கும் கோணத்தில், உள்ளே வருகிறவர் வெளியே போகிறவரை எதிர்கொண்டால் கண்ட்ரோல் இருக்கும் இடம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க இடையே ஒரு சின்னக் கண்ட்ரோலைச் செருகலாம். அதற்கு மட்டும்தான் அந்தக் கண்ட்ரோல் என்றாலும் தப்பில்லை.

இரு கண்ட்ரோல்களுக்கு இடையே குறைந்தது 30 மீட்டர் வேண்டும். ஒரே மாதிரிப் பொருளில் இருந்தால் 60 மீட்டர். கல்லும் கல்லும் 45 மீட்டரில் என்றால் தப்பு. கல்லும் சதுப்பு மூலையும் 45 மீட்டரில் என்றால் சரி. பெண்கள், ஆண்கள், இளையோர் என ஐந்தாறு கோர்ஸ் ஒரே காட்டில் போகும்போது இந்த விதியை மீறியது உங்களுக்கே தெரியாது. எல்லாக் கோர்ஸின் கண்ட்ரோல்களையும் ஒரே தாளில் அச்சடித்து 60 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள்.

வரைபடத்தின் வரிசை எண் வேறு, கண்ட்ரோலில் எழுதும் அடையாள எண் வேறு. அடையாள எண்கள் 31-லிருந்து தொடங்கும். 66, 68, 86, 89, 98, 99 ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள், தலைகீழாகப் பார்த்தால் குழப்பும். பக்கத்துப் பக்கத்துக் கண்ட்ரோல்களுக்கு 47, 74 என்று கொடுப்பதும் வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடிய மூளை அதைப் புரட்டிப் படிக்கும்.

வட்டமும் கோடும்

1:15,000 வரைபடத்தில் கண்ட்ரோல் வட்டத்தின் விட்டம் 5 மில்லிமீட்டர், நிலத்தில் 75 மீட்டர். கொடி இருக்கும் பொருள் வட்டத்தின் நட்டநடுவில் வர வேண்டும். வட்டக்கோடு ஒரு சின்னக் கல்லின் மேலோ செங்குத்துப் பாறையின் நுனி மேலோ படிந்தால், அந்த இடத்தில் வட்டத்தை வெட்டிவிடுங்கள். இணைப்புக் கோட்டுக்கும் இதே விதி. ஓகேட், காண்டெஸ், இலவசமாகக் கிடைக்கும் பர்ப்பிள் பென் ஆகிய மென்பொருள்கள் மூன்றிலும் வட்டத்தை வெட்ட வழி இருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்து வெட்டக்கூடாது. அசல் அளவில் அச்சடித்த தாளை மங்கிய வெளிச்சத்தில் கைநீட்டிப் பிடித்துப் பாருங்கள். வீரர் ஸ்ப்ரூஸ் நிழலில் ஓடிக்கொண்டே பார்ப்பது அப்படித்தான்.

கூட்டமாக ஓடுவதைப் பிரிப்பது

லாங் பிரிவில் 3 நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்புகிறார்கள். ஒருவர் 3 நிமிடம் தவறவிட்டால் பின்னால் வந்தவர் பிடித்துவிடுவார். அதன்பின் இருவரும் சேர்ந்தே ஓடுவார்கள், பின்தொடர்பவருக்கு வரைபடம் வாசிக்கும் பாரமே இல்லை. இதை முழுக்க ஒழிக்க முடியாது, குறைக்கலாம்.

வழக்கமான மருந்து பட்டாம்பூச்சி வளையம். நடுவில் ஒரு கண்ட்ரோல், இருபுறமும் இறக்கை போல் இரண்டு வளையம். பாதிப் பேருக்கு இடப்பக்கம் முதலில், மீதிப் பேருக்கு வலப்பக்கம் முதலில். எல்லோரும் இரண்டையும் ஓடுவதால் மொத்தத் தூரம் சமம். பலர் செய்யும் பிழை, இரண்டு வளையத்தையும் ஒரே நீளத்தில் போடுவது. அப்படியானால் பிரிந்த இருவரும் நடுக் கண்ட்ரோலில் அதே நேரத்தில் மறுபடி சந்திப்பார்கள். ஒன்று 5 நிமிடம், இன்னொன்று 8 நிமிடம் என்று வையுங்கள். வளையத்துக்குள் லெக்குகள் கடினமாகவும் இருக்க வேண்டும். தனியாக ஓடும் அந்தச் சில நிமிடத்தில் இருவருக்குள் இடைவெளி விழாவிட்டால், வளையம் முடியும்போது மறுபடி ஒட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு வரைபடத்திலும் எந்த வளையம் முதலில் என்று அச்சடித்ததைக் கிளம்பும் பட்டியலோடு ஒப்பிட்டு இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். அடுத்தடுத்துக் கிளம்பும் இருவருக்கு ஒரே வரிசை விழுந்தால் வளையம் போட்டதே வீண்.

தடம் விழுவது இன்னொரு தொல்லை. தரவரிசையில் மேலே இருப்பவர்கள் கடைசியில் கிளம்புவார்கள். அதற்குள் 50 பேர் மிதித்த ஹெதரும் சதுப்பும் பாதையாகிவிடும். சதுப்பில் இருபது பேர் போனாலே கருப்புக் கோடு தெரியும். காலையில் இளையோர் கோர்ஸ் ஓடிய அதே லெக்கை மதியம் எலீட் கோர்ஸுக்குத் தராதீர்கள். மொட்டைப் பாறையில் தடம் தெரியாது. கண்ட்ரோலை நெருங்கும் கடைசி 100 மீட்டர் பாறை மேல் வருமாறு அமைத்தால் பாதித் தொல்லை தீரும். பாசியும் அதிகம் நசுங்காமல் இருக்க, நுழையும் வழிகள் பலவாகப் பிரியும் இடமாகப் பாருங்கள். காய்ந்த பாசி மிதிபட்டால் தூளாகும், மறுபடி வளரப் பல வருடம் ஆகும்.

தண்ணீர்

வெல்பவரின் நேரம் 30 நிமிடத்தைத் தாண்டினால், அவருடைய வேகத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு முறையாவது தண்ணீர் இருக்க வேண்டும். 90 நிமிடக் கோர்ஸுக்கு மூன்று இடம். நீண்ட லெக்கின் நடுவில் வைத்துவிடாதீர்கள். எந்த வழியில் தண்ணீர் இருக்கிறதோ அந்த வழிக்கு நீங்களே ஆள் பிடித்துக் கொடுத்தது போலாகும். எல்லோரும் கட்டாயம் வரும் கண்ட்ரோலில், முடிந்தால் நீண்ட லெக் தொடங்கும் கண்ட்ரோலில் வையுங்கள். குடித்துக்கொண்டே நின்று வழியைத் தேர்ந்தெடுக்கட்டும். 80 பேருக்கு ஆளுக்கு 2 டெசிலிட்டர் என்றால் 16 லிட்டர். தலையில் ஊற்றிக்கொள்பவர்களையும் கணக்கில் சேர்த்து 30 லிட்டர் கொண்டுபோங்கள். சாலை இல்லாத கண்ட்ரோலுக்கு அதை முதுகில்தான் சுமக்க வேண்டும். சுமப்பவரையும் முன்பே பேசிவையுங்கள்.

காட்டில் சரிபார்ப்பது

ஒவ்வொரு கண்ட்ரோல் இடத்திலும் முன்கூட்டியே எண் எழுதிய சின்ன நாடாவைக் கட்டிவையுங்கள். மரம் வெட்டுபவர்கள் நாடா கட்டித்தான் மரங்களைக் குறிப்பார்கள். அவர்கள் பயன்படுத்தாத நிறம் எது என்று உரிமையாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜி.பி.எஸ். காட்டிய புள்ளியில் கட்டிவிட்டு வராதீர்கள். செங்குத்துப் பாறையின் கீழ் அது பல மீட்டர் தள்ளிக் காட்டும். பக்கத்தில் உறுதியான இரண்டு பொருள்களிலிருந்து திசைகாட்டியால் கோணம் எடுத்து, அடியெண்ணி வந்து, இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மட்டும் கட்டுங்கள்.

அதன் பிறகு கோர்ஸைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர் வருவார். அவர் உங்களோடு சேர்ந்து வரக்கூடாது. நீங்கள் முன்னால் நடந்து காட்டினால் அவர் கண்ணும் உங்கள் கண்ணாகிவிடும். வெறும் வரைபடத்தையும், ஒவ்வொரு கண்ட்ரோலும் எதில் எங்கே என்று சொல்லும் விவரத்தாளையும் கொடுத்து, கோர்ஸின் வரிசையில் தனியாக அனுப்புங்கள். அவர் ஓரிடத்தில் தடுமாறினால், "அங்கேதான் இருக்கிறது, சரியாகப் பாருங்கள்" என்று வாதாட வேண்டாம். உலகத்தரம் வாய்ந்த வீரரும் அங்கே தடுமாறலாம். விவரத்தாளில் ஏ முதல் ஹெச் வரை எட்டுக் கட்டம் இருக்கும். தகராறு பெரும்பாலும் கொடி பொருளின் எந்தப் பக்கம் என்று சொல்லும் ஜி கட்டத்தில்தான் வரும். "கல்லின் தெற்குப் பக்கம்" என்று எழுதிவிட்டுத் தென்கிழக்கில் தொங்கவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கும்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு எல்லா லெக்குகளையும், எல்லா மாற்று வழிகளையும் மறுபடி நடந்து பாருங்கள். புயலில் விழுந்த மரங்கள், புதிதாகப் போட்ட வேலி, லாரி போய்ப் புதிதாகப் பிளந்த பாதை எல்லாம் அப்போதுதான் தெரியும். அச்சுக்குப் போகும் முன் கடைசி நாள் எது என்று அச்சகத்திடம் கேட்டு, அதற்கு மூன்று நாள் முன்பே உங்கள் கடைசி நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் இடமும் முடியும் இடமும்

வரைபடத்தில் முக்கோணமாகக் குறித்த கிளம்பும் புள்ளி, வரிசையில் காத்திருப்பவர்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்க வேண்டும். முன்னால் போனவர் இடமா வலமா திரும்பினார் என்பது தெரிந்தால் முதல் லெக்கின் வழித்தேர்வு செத்தது. கடைசிக் கண்ட்ரோல் எல்லாக் கோர்ஸுக்கும் ஒன்றே. அங்கிருந்து முடிவுக்கோடு வரை நாடா. கடைசி 20 மீட்டராவது நேராக, இருபுறமும் கயிறு கட்டியிருக்க வேண்டும்.

போட்டி நாள்

முதல் வீரர் போவதற்கு முன் ஒவ்வொரு கண்ட்ரோலையும் ஒருவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். கொடி இருக்கிறதா, எண் சரியா, வீரர் வந்ததைப் பதியும் மின்னணுக் கருவி விழித்திருக்கிறதா, அட்டையைத் தொட்டால் பதிகிறதா? பார்த்துவிட்டு அந்தக் கருவியில் தன் அட்டையால் ஒரு பதிவு போட்டுவிட்டே வர வேண்டும். அப்போதுதான் உண்மையில் போனாரா என்பது நிரூபணமாகும். ஒருவருக்கு ஏழெட்டுக் கண்ட்ரோலுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு கண்ட்ரோல் தவறான பாறையில் இருந்தாலும் மொத்தக் கோர்ஸின் முடிவும் ரத்தாகலாம்.

திரும்பி வராதவர்களைத் தேடும் குழு, கோர்ஸ் மூடும் நேரம், கண்ட்ரோல் வரிசைப்படி தேடும் பகுதிகள் ஆகியவை முந்தைய நாளே காகிதத்தில் இருக்கட்டும். ஆகஸ்டிலும் இந்தக் காட்டில் மழையும் காற்றும் சேர்ந்தால், வியர்த்த மெல்லிய உடையோடு கால் பிசகி உட்கார்ந்திருப்பவர் ஒரு மணி நேரத்தில் விறைத்துவிடுவார்.

கொடிகளை எடுக்கும்போது பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள், நாடாக்களையும் சேர்த்து. பயன்படுத்தாமல் விட்ட மாற்றுக் கண்ட்ரோல்களின் நாடாவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அவற்றுக்கும் தனிப் பட்டியல் வைத்து, உரிமையாளரிடம் சொன்ன தேதிக்குள் அவிழ்த்துவிடுங்கள்.